தேள் கொட்டிய பையனுக்கு விஷமுறிவு ஊசி போடவில்லை, மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். இது சரியா?

பலாத்தோப்பு_பண்ருட்டி எழுதியது (ஞாயிறு, இரவு 9.10):

வணக்கம். மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். இருபது நாளாக இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முந்திரியும் பலாவும்தான் பிழைப்பு. பையனுக்கு ஐந்தரை வயது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் என் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் ஏழேகால் மணி இருக்கும், மின்சாரம் இல்லை. முந்திரி விறகு அடுக்கி வைத்திருக்கும் திண்ணையோரம் பந்தை எடுக்கப் போனவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். வலது கை நடுவிரலில் கொட்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்து மாமனார் தேளை அடித்துவிட்டார். சின்னதுதான், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, செங்கல் நிறம். "கருந்தேள் இல்லை, சின்னத் தேள்தான், பயப்படாதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். வெங்காயம் தேய்த்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள்.

உடனே பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வலிக்கு ஒரு ஊசி, அலர்ஜிக்கு ஒரு ஊசி போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். வரும் வழியிலேயே பையன் அழுகையை நிறுத்திவிட்டான். வலி இறங்கிவிட்டது என்று நிம்மதிப்பட்டேன். எட்டரை மணிக்குத்தான் என் மனைவி கவனித்தாள்: சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. அப்புறம் வாந்தி, ஒன்று இரண்டு இல்லை, ஆறு தடவை. கையும் காலும் பனிக்கட்டி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் காரில் மடுகரை வழியாகப் புதுச்சேரி போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பத்து இருபது.

அங்கே ஒரு மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். ஆக்சிஜன் வைத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், மறுநாள் நெஞ்சில் ஸ்கேன் மாதிரி ஒன்று பார்த்தார்கள். மாத்திரை கொடுத்த பிறகு என் மனைவி பையனை மடியில் தூக்கி உட்கார வைத்தாள் என்று சிஸ்டர் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான், மரம் ஏறுகிறான்.

பிரச்சினை என்னவென்றால், சென்னையில் இருக்கும் என் மச்சான் "விஷமுறிவு ஊசி போடாமல் பிரஷர் மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள், நீ கேள்வி கேட்காமல் வந்துவிட்டாய்" என்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான், அந்த மாத்திரை ரத்தக் கொதிப்புக்கானதுதான். பாம்புக்கு ஊசி போடுகிறார்களே, தேளுக்கு ஏன் போடவில்லை? தேளுக்கு விஷமுறிவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, அது எந்த அளவுக்கு வேலை செய்யும்? நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமா?

---

கரும்புக்கொல்லை எழுதியது (ஞாயிறு, இரவு 9.52):

நெல்லிக்குப்பம் பக்கம் நாங்கள். கரும்பில் சோகை உரிக்கும்போது என்னைத் தேள் மூன்று முறை கொட்டியிருக்கிறது, மூன்றும் கருகருவென்று உள்ளங்கை அகலம் இருக்கும் நட்டுவாக்காலி. விடிய விடியக் கடுகடுப்பு, அவ்வளவுதான். எங்கள் தாத்தா கண்ணில் உப்புத் தண்ணீர் விடுவார், மந்திரிப்பார், காலையில் வேலைக்குப் போய்விடுவோம். தேளுக்கு ஊசியெல்லாம் தேவையில்லை நண்பரே. பையன் பிழைத்துவிட்டான், சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

---

ஓய்வு_சிஸ்டர்_புதுவை எழுதியது (ஞாயிறு, இரவு 11.35):

தம்பி, நான் புதுச்சேரியில் குழந்தைகள் அவசரப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை, ஆனால் இதே கதையோடு நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை, முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் உங்கள் மனதை அரிக்கிற விஷயம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த மாத்திரைதான் உங்கள் பையனைக் காப்பாற்றியது. அதன் பெயர் பிராசோசின். சீட்டில் அதுதானே இருக்கிறது?

கரும்புக்கொல்லை ஐயா, உங்கள் அனுபவம் பொய்யில்லை. ஆனால் அது வேறு தேள். நம் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவது பெரிய கருந்தேளைப் பார்த்து. அதற்கு முன்பக்க இடுக்கிக் கை தடித்திருக்கும், வால் ஒல்லியாக இருக்கும். வலி உயிர் போகும், பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். குழந்தைகளைக் கொல்வது செந்தேள். அதற்கு இடுக்கி மெலிசு, வால் தடிமன். சின்னதாக, செங்கல் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும். "சின்னத் தேள்தான்" என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருந்து, நள்ளிரவில் நுரை தள்ளிக்கொண்டு கொண்டுவந்த குழந்தைகள் என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் தேளுக்கு மருத்துவம் தேவையில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் உப்புத் தண்ணீர் விடுவதால் கண்ணுக்குத்தான் எரிச்சல்.

தம்பி, உங்கள் பையன் அழுகையை நிறுத்தினான் என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. செந்தேள் விஷம் உடம்பில் நன்றாக ஏறிய குழந்தைக்குக் கொட்டிய இடத்தில் வலி பெரிதாக இருக்காது. வலியால் துடித்து, வேர்வை இல்லாமல், கை கால் சூடாக இருக்கிற குழந்தையைப் பார்த்தால் நாங்கள் சற்று நிம்மதியாக மூச்சு விடுவோம். அமைதியாகி, வேர்த்து, வாந்தி எடுத்து, உள்ளங்கால் சில்லிட்டுப் போன குழந்தையைக் கண்டால் ஓடுவோம். ஆண் குழந்தை என்றால் ஜட்டியைக் கழற்றிப் பார்ப்போம், உறுப்பு விறைத்து நிற்கும். தாய்மார்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்லவே மாட்டார்கள். கொட்டியது எது என்று தெரியாத இடத்தில் அதுவே செந்தேள் விஷம் என்று காட்டிக்கொடுத்த நாட்கள் உண்டு.

இந்த விஷம் செய்வது என்ன? பாம்பு விஷம் மாதிரி ரத்தத்தை உறையவிடாமல் செய்வதில்லை. நரம்புகளில் சோடியம் போய்வரும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, திறந்த நொடியிலேயே மூடிக்கொள்ளும். செந்தேள் விஷம் அதை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், உடம்பில் உள்ள அட்ரினலின் வகைச் சத்தெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும். ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால்தான் கை கால் சில்லிடுகிறது. சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப்போகும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்குப் போன குழந்தையின் மூச்சுச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். விஷம் என்பது மடையைத் திறந்துவிட்ட ஆள். விஷமுறிவு மருந்து அந்த ஆளைப் பிடித்துக் கட்டிப்போடும். ஆனால் அதற்குள் வயலுக்குள் பாய்ந்துவிட்ட தண்ணீரை அதனால் வெளியேற்ற முடியாது. அந்தத் தண்ணீருக்கு வடிகால் வெட்டுவது பிராசோசின். சுருங்கிய ரத்தக் குழாயை அது விரித்துவிடும், இதயத்தின் பாரம் இறங்கும். பாம்புக்கு ஊசி இல்லாமல் முடியாது, தேளுக்கு மாத்திரையே முதல் மருந்தாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டு சொன்னவர் மகாராஷ்டிராவில், ராய்கட் மாவட்டத்தில், மகாட் என்ற சிறிய ஊரில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். கொங்கண் பக்கம் செந்தேள் அதிகம். பெரிய கல்லூரியோ ஆராய்ச்சிக்கூடமோ இல்லை, கண்ணெதிரே சாகிற கிராமத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து யோசித்தவர். 1986ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்பு அந்தப் பக்கத்தில் கடுமையான செந்தேள் விஷத்தோடு வந்தவர்களில் 100க்கு 30 பேர் வரை இறந்துபோனார்கள். பிராசோசின் வந்த பிறகு அது 4க்கும் கீழே போனது. 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1989ல்கூட, பல இடங்களில் தூக்க ஊசிகளைக் கலந்து போட்டுக் குழந்தையைப் படுக்க வைக்கும் பழைய முறையே இருந்தது. பிராசோசின் பழக்கத்துக்கு வந்த பிறகு எங்கள் இரவு ட்யூட்டியே மாறிப்போனது. விலை மலிவான மாத்திரை, தம்பி. அதைப் பிரஷர் மாத்திரைதானே என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

சரி, விஷமுறிவு. உண்டு. செந்தேளுக்கென்றே தனியாகத் தயாரிக்கிறார்கள், மும்பை ஹாஃப்கின் நிறுவனம் தயாரித்தது பெயர்பெற்றது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகிற எதிர்ப்புப் பொருளை எடுப்பார்கள். ரொம்ப நாள் அது உபயோகமா இல்லையா என்றே சண்டை. 1999ல் துனீசியா நாட்டில் 825 பேரிடம் பரிசோதித்து, போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமே இல்லை என்றார்கள். ஆனால் அது வேறு தேள். அதோடு, விஷம் ஏறியவர் ஏறாதவர் என்று பார்க்காமல் வந்த எல்லோருக்கும் போட்டுப் பார்த்தது. 2009ல் அமெரிக்காவின் அரிசோனாவில் 15 குழந்தைகளிடம் பார்த்தபோது நேர்மாறு: விஷமுறிவு பெற்ற 8 பேரும் நாலு மணி நேரத்துக்குள் சரியானார்கள், பெறாத 7 பேரில் ஒரே ஒருவர்தான் சரியானார். அங்கே உள்ள தேள் கண்ணைச் சுழற்றி, கை காலை உதறவைக்கும் வகை, நம் செந்தேள் மாதிரி இதயத்தை அடிப்பது இல்லை. ஒவ்வொரு தேளுக்கும் ஒவ்வொரு கணக்கு. அந்த ஊர் மருந்து நமக்கு உதவாது, நம் மருந்து அவர்களுக்கு உதவாது.

நமக்கு உதவுகிற கணக்கு இரண்டு. 2011ல் பாவஸ்கர் தம்பதி இருவரும் 70 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்து, 35 பேருக்குப் பிராசோசின் மட்டும், 35 பேருக்குப் பிராசோசினோடு விஷமுறிவும் கொடுத்தார்கள். பத்து மணி நேரத்தில் முழுதாகத் தேறியவர்கள், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 32 பேர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 8 பேர். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அப்புறம் நம் ஊர் ஜிப்மரிலேயே குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து 2014ல் வெளியிட்டார்கள், 50 குழந்தைகள். அங்கேயும் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கத்துக் குழந்தைகள் வருகிற ஆஸ்பத்திரி அது. நம் மண்ணுத் தேள், நம் குழந்தைகள். அதனால் அந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆக உங்கள் மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. விஷமுறிவும் சேர்ந்து கிடைத்திருந்தால் பையன் இன்னும் சீக்கிரம் தேறியிருக்கலாம். ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு ஊசி மட்டும் போடுவது நடக்காத காரியம். ஊசி கைவசம் இல்லை என்பதற்காக மாத்திரையைத் தாமதப்படுத்தியிருந்தால் அதுதான் தவறாகியிருக்கும். இன்னொன்றும் உண்டு. விஷமுறிவுக்கு நேரம் முக்கியம். ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அது பிடிக்கும். நீங்கள் வந்தது கொட்டி மூன்று மணி நேரம் கழித்து. அப்போது அதனால் எவ்வளவு லாபம் என்பதை அங்கே இருந்த டாக்டர்தான் குழந்தையைப் பார்த்துச் சொல்ல முடியும்.

குதிரை சீரம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதற்குத் தயாராக வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். விஷம் நன்றாக ஏறிய குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை குறைவாகவே வருகிறது. உடம்பில் ஏற்கெனவே அட்ரினலின் பொங்கிக்கொண்டிருப்பதால் என்று விளக்குகிறார்கள். ஒவ்வாமைக்குக் கொடுக்கிற மருந்தே அட்ரினலின்தானே.

உங்கள் மனைவியைச் சிஸ்டர் சத்தம் போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பிராசோசின் கொடுத்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்திருக்கும் குழந்தையைத் தூக்கி நிமிர்த்தினால் மயங்கிவிடும். எந்தத் தாய்க்கும் குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும். அந்த மூன்று மணி நேரம் தூக்கக் கூடாது என்று சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை. "பக்கத்தில் படுத்துக்கொள், கையைப் பிடித்துக்கொள், தூக்காதே" என்று சொல்வேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு விடிய விடிய உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் எத்தனை பேர்.

மாத்திரையை எதுவரை கொடுப்போம் தெரியுமா? கை கால் சூடாகி, வேர்வை காய்ந்து, புறங்கையில் பச்சை நரம்பு மறுபடியும் கண்ணுக்குத் தெரிகிறவரை. விடியற்காலையில் டார்ச் அடித்து அந்த நரம்பைத் தேடுவோம். தெரிந்துவிட்டால் டாக்டரை எழுப்பிச் சொல்வேன்.

---

பலாத்தோப்பு_பண்ருட்டி எழுதியது (திங்கள், காலை 6.20):

சிஸ்டர், இதைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள், நிம்மதியில்தான். சீட்டில் பிராசோசின் என்றுதான் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, இவ்வளவு முக்கியமான மாத்திரை என்றால், எங்கள் ஊரில் தேள் சாதாரணம், வீட்டில் ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? இரண்டு, முதலில் போன இடத்தில் போட்ட ஊசி தவறா? அவர் மேல் கோபமாக இருக்கிறது.

---

மருந்துக்கடை_கடலூர் எழுதியது (திங்கள், காலை 10.05):

வீட்டில் வைப்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். முதுநகரில் கடை வைத்து 14 வருடம் ஆகிறது.

தயவுசெய்து வேண்டாம். முதல் காரணம், இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மெதுவாகக் கரையும் வகை, பெட்டியில் எக்ஸ்எல் என்று போட்டிருக்கும். பிரஷருக்குத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்தது அது. தேளுக்கு வேண்டியது உடனே கரையும் சாதா மாத்திரை. எக்ஸ்எல் மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் அளவும் தப்பும், வேகமும் தப்பும். இரண்டாவது, குழந்தைக்கு எடை பார்த்து மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து, கண்ணளவில் உடைத்துக் கொடுக்கிற விஷயம் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்காமல், வாந்தி எடுத்து உடம்பில் தண்ணீர் வற்றிய குழந்தைக்கு வீட்டில் கொடுத்தால், விஷத்தால் நேராத ஆபத்து மருந்தால் நேரும்.

இன்னொன்று, பலர் என் கடைக்கு வந்து "விஷமுறிவு இருக்கா" என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரிகளில் பொதுவாக இருப்பது பாம்புக்கானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்துக்கு மட்டும்தான் அது. அதைத் தேளுக்குப் போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒவ்வாமைதான் மிச்சம். உங்கள் மச்சான் "விஷமுறிவு" என்று பொதுவாகச் சொன்னது இதை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன். நிறையப் பேர் இரண்டும் ஒன்று என்றே நம்புகிறார்கள்.

---

ஓய்வு_சிஸ்டர்_புதுவை எழுதியது (திங்கள், மதியம் 2.40):

மருந்துக்கடைத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் பார்த்த டாக்டரைப் பற்றி. வலிக்கு ஊசி போட்டதில் தவறில்லை, கொட்டிய விரலில் மரத்துப்போகும் மருந்து போடுவது நல்ல வைத்தியம்தான். அலர்ஜி ஊசியால் தேள் விஷத்துக்கு ஒன்றும் ஆகாது. தப்பு ஊசியில் இல்லை, வீட்டுக்கு அனுப்பியதில். தேள் கொட்டிய சிறு குழந்தையைக் குறைந்தது ஆறு மணி நேரமாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், வேர்வையோ வாந்தியோ வந்தால் ஒரு நாளாவது. அவர் பார்த்தபோது பையன் வலியில் அழுதுகொண்டிருந்திருப்பான், வேர்வை தொடங்கியிருக்காது. கோபம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தவர் நீங்கள். ஆனால் ஒரு நாள் நேரில் போய், "எட்டரை மணிக்கு இப்படி ஆனது, இந்த மாத்திரை கொடுத்தார்கள்" என்று சீட்டைக் காட்டிவிட்டு வாருங்கள். அடுத்த குழந்தையை அவர் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். கிராமத்தில் முதலில் பார்க்கிற அந்த ஒருவர் கையில் சாதா பிராசோசின் இருந்து, அளவு தெரிந்து, முதல் வேளையைக் கொடுத்துப் படுக்க வைத்தபடியே வண்டியில் ஏற்றிவிட்டால், எங்களிடம் வருகிற குழந்தை பாதி தேறி வரும். மகாராஷ்டிராவில் சாவு குறைந்தது இப்படித்தான், ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி.

நாம் இங்கே விஷமுறிவு இருக்கிறதா இல்லையா என்று பேசுகிறோம். இருக்க வேண்டும், அதுவும் கடலூர் மாவட்டத்தில் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் இருக்கிற பக்கங்களில் கட்டாயம் இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். சீக்கிரம் தேறுகிற குழந்தைக்கு இதயம் அடிபடுவது குறையும், ஐசியுவில் இருக்கிற நாள் குறையும், கூலி வேலைக்குப் போகிற அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் மிஞ்சும். ஆனால் ஊசி எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஆஸ்பத்திரி மாற்றுகிற நேரம் இருக்கிறதே, அதில்தான் நுரையீரலில் நீர் ஏறுகிறது. அடுத்த முறை யாருக்காவது கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள், குழந்தைகள் டாக்டரும் ஆக்சிஜனும் இருக்கிற மிக அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குக் கொட்டியது, வேர்வையும் வாந்தியும் எப்போது தொடங்கியது, கை கால் சில்லிட்டிருக்கிறதா. அடித்த தேளின் படம் போனில் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இறுக்கிக் கட்டு போடாதீர்கள், கொட்டிய இடத்தைக் கீறாதீர்கள்.

அந்த விறகு அடுக்கைத் திண்ணையிலிருந்து எடுத்துவிட்டீர்களா?

---

கரும்புக்கொல்லை எழுதியது (திங்கள், இரவு 8.15):

சிஸ்டர், கோபமெல்லாம் இல்லை. இரண்டு தேளுக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு ஐம்பத்தெட்டு வயது வரை தெரியாது. எங்கள் கொல்லையில் வேலைக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையை வரப்பில் தூளி கட்டிப் படுக்கவைப்பார்கள். இன்று சாயங்காலம் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன்: சின்னத் தேள், சிவப்புத் தேள், குழந்தை வேர்த்தால் யாரையும் கேட்காமல் என் வண்டியை எடுங்கள் என்று. சாவியை மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

---

பலாத்தோப்பு_பண்ருட்டி எழுதியது (திங்கள், இரவு 9.30):

விறகை இன்று காலையிலேயே வேலியோரம் மாற்றிவிட்டோம் சிஸ்டர். அடியில் இன்னும் இரண்டு இருந்தன, இரண்டும் அதே செங்கல் நிறம், வால் தடிமனாகத்தான் இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை அந்த டாக்டரிடம் போகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டை நகல் எடுத்தாகிவிட்டது, அவரிடம் ஒன்று கொடுத்துவிட்டு வருவேன்.

மச்சானிடமும் பேசினேன். பாம்பு மருந்தைத்தான் நினைத்தேன் என்றார்.